ஓடம் என்று எழுதியிருக்கிறது, வத்தை என்று படிக்கிறது பிள்ளை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் மண்டபத்துக்காரன். படகுக்குப் பெயிண்ட் அடிப்பதும் பெயர் எழுதுவதும் என் தொழில். படகின் முன்பக்கமான அணியத்தில் சாமி பெயரோ பெற்ற பிள்ளையின் பெயரோ எழுதி, பக்கவாட்டில் 'ஐஎன்டி டிஎன் 10 எம்எம்' என்று தொடங்கும் பதிவு எண்ணையும் போட்டுக் கொடுப்பேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் ஓய்ந்து நிற்கும் அந்த இரண்டு மாதம்தான் எங்களுக்குச் சீசன். பள்ளிக்கூடம் திறக்கும் முன் சுவரைச் சுத்தம் செய்து படம் போடும் வேலையும் சொல்லிவைத்த மாதிரி அதே நேரத்தில்தான் வந்து சேரும். காலையில் படகு, மதியத்துக்கு மேல் அங்கன்வாடிச் சுவர் என்று ஓடுவேன்.

ஜூன் மாதம் ஆனால் பத்திரிகைகளில் 'புதுப்பொலிவு பெற்ற அங்கன்வாடி' என்று படம் வருகிறது. பளபளவென்று சுவர், அதில் அ ஆ இ ஈ, முன்னால் கைகட்டி நிற்கும் பிள்ளைகள். அந்த மாதிரிச் சுவர்களை எழுதும் ஆள் என்ற முறையில் இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்கிறது. கடிதம் நீண்டுவிட்டால் வெட்டிப் போடுங்கள்.

சுவரில் என்ன படம் போடுவது என்று யாரும் உட்கார்ந்து யோசிப்பதாகத் தெரியவில்லை. கடையில் தொங்கும் உயிரெழுத்துச் சார்ட் ஒன்றை வாங்கிவந்து, "அண்ணே, இதைப் பார்த்து அப்படியே போட்டுருங்க" என்று கொடுத்துவிடுகிறார்கள். கட்டம் போட்டுப் பெரிதாக்குவது எங்களுக்குப் பெரிய வேலை இல்லை. அங்கன்வாடிக்கு மே மாதத்தில் கொஞ்ச நாள்தான் விடுமுறை என்பதால், பெரும்பாலும் பிள்ளைகள் இருக்கும்போதே வேலை நடக்கும். சத்துமாவு உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும். கோடு விழ விழ, அது என்ன என்று ஒன்றுக்கொன்று போட்டி போட்டுக் கத்தும். நான் எழுதப் போகும் பெயரும் அவர்கள் கத்தும் பெயரும் பாதி இடத்தில் ஒத்துவருவதில்லை.

முதலில் ஓ. சார்ட்டில் ஓடம். நான் அடிப்பலகையை வளைத்துப் பாய்மரத்தை நட்டதுமே ஒரே சத்தமாக "வத்தை!" என்றார்கள். பாக் நீரிணைப் பக்கம் மரப்படகுக்கு அதுதான் பெயர். மன்னார் வளைகுடாப் பக்கத்து ஊர் ஒன்றில் இதே படத்தைப் போட்டபோது "வள்ளம்" என்றார்கள். விசைப்படகு வைத்திருப்பவர் வீட்டுப் பையன் "போட்டு" என்றான். ஓடம் என்று ஒரு வாயும் சொல்லவில்லை. டீச்சர் திருத்தினார்: "வத்தை இல்லடா, ஓடம். ஓ. சொல்லு." பையன் சொன்னான். சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, "மாமா, இது வத்தைதானே?" என்று மெதுவாகக் கேட்டான். அவன் அப்பா ஏறிப் போவதை அவன் தினமும் பார்க்கிறான். அதை இல்லை என்று சொன்னால் அவன் எதைத்தான் நம்புவான்? டீச்சரைக் குறை சொல்லவும் முடியாது. அவர் கையில் இருப்பது அந்தச் சார்ட்டுதான்.

படம் போட்டு எழுத்துச் சொல்லிக் கொடுப்பதன் சூட்சுமமே, படத்தைப் பார்த்ததும் பிள்ளையின் வாயில் தானாக ஒரு பெயர் வரும், அந்தப் பெயரில் அந்த எழுத்தின் ஓசை இருக்கும் என்பதுதானே. பெயர் வேறாக வந்தால் அந்தப் படம் சுவருக்கு அழகு, பாடத்துக்கு உதவாது. பெயரையும் நாம்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும், பிறகு பெயரிலிருந்து எழுத்தையும் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்றால், படமே இல்லாமல் நேரே எழுத்தையே சொல்லிவிட்டுப் போகலாம்.

மற்ற எழுத்துகளின் கதையையும் கேளுங்கள். அ, அணில். இதில் தகராறே இல்லை. ராமேஸ்வரம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அணிலின் முதுகில் எப்படிக் கோடு விழுந்தது என்கிற கதைவரை தெரியும். ஆடு நல்ல எழுத்து, ஆமையும் நல்ல எழுத்து. இ, இலை. சார்ட்டில் இதயம் போன்ற இலை இருந்தது. அப்படியே போட்டேன், "பூவரசு" என்றார்கள். அது பூவரசு இலையேதான். சுருட்டிப் பீப்பி ஊதுகிறவர்களுக்கு அது வெறும் இலையாகத் தெரியுமா? ஈ எழுத்துக்கு ஈ. சார்ட்டில் ஆடு எவ்வளவு பெரியதோ அவ்வளவு பெரிய ஈ. "தேனீ" என்றது ஒன்று, "வண்டு" என்றது இன்னொன்று. கருவாடு காயும் ஊரில் ஈயைத் தெரியாத பிள்ளை கிடையாது. கருவாட்டைப் பெரிதாகப் போட்டு அதன்மேல் சின்னச் சின்னதாக ஈ மொய்ப்பதைப் போட்டிருந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டே "ஈ" என்றிருப்பார்கள்.

உ, உரல். அதைப் பார்த்து ஆட்டுக்கல் என்றார்கள், அம்மி என்றார்கள், ஒரு பிள்ளை "கல்லு" என்று முடித்துக்கொண்டது. உரல் இருக்கும் வீடு இப்போது எத்தனை? ஊ எழுத்துக்கு ஒரு சார்ட்டில் மருந்தூசி போட்டிருந்தது. பெயர் சரியாகத்தான் வந்தது. ஆனால் தடுப்பூசி போடுகிற நர்ஸம்மா வருவதும் அதே அங்கன்வாடிக்குத்தான். ஒரு சின்னப் பெண் அந்த மூலையில் உட்காரவே மாட்டேன் என்று அழுதாள். ஆயா என்னிடம் கெஞ்சி அதை அழிக்கச் சொன்னார். அதற்குப் பதிலாக வலை பின்னும் ஊசியைப் போட்டேன். அழுகை நின்றது.

ஐ இருக்கிறதே, அதுதான் எனக்கு எப்போதும் சிரிப்பு. ஐந்து என்பதற்காக விரல் விரித்த ஒரு கையைப் போட்டிருப்பார்கள். எந்தப் பிள்ளையும் "கை" என்றுதான் சொல்லும். வேறு எப்படிச் சொல்லும்? சில சார்ட்டில் ஐவர் என்று ஐந்து பேர் வரிசையாக நிற்பார்கள். "ஆளுங்க" என்பார்கள். எங்கள் கரையில் ஐ என்றால் ஐஸ். மீன் வந்து இறங்கும் இடத்தில் ஐஸ் உடைப்பதைப் பார்த்தே வளர்கிறவர்கள். நீலப் பெட்டியும் வெள்ளைக் கட்டியும் போட்டால் கேட்கவே வேண்டாம். ஐஸ் தமிழா என்று ஒரு பெரியவர் என்னோடு சண்டைக்கே வந்துவிட்டார். ஐயா, மூன்று வயதுப் பிள்ளைக்கு அந்த ஓசை வாயில் வந்தால் போதும். தூய தமிழுக்கு இன்னும் பன்னிரண்டு வருடம் பள்ளிக்கூடம் பாக்கியிருக்கிறது.

ஔ எழுத்துக்கு எல்லாச் சார்ட்டிலும் கோல் ஊன்றிய ஔவையார். எல்லாப் பிள்ளைக்கும் அவர் பாட்டி, இல்லையென்றால் அப்பத்தா. அதற்கு என்னிடமும் மாற்று இல்லை. ஔடதம் என்று மருந்துப் பாட்டில் போட்டுப் பார்க்கிறார்கள், அது மருந்துதான் ஆகிறது. ஔவையாரே இருந்துவிட்டுப் போகட்டும், அவர் பெயரைச் சொல்லிப் பழக்கிவிடலாம். ஃ எழுத்துக்கு எஃகு என்று ஒரு கம்பி போடுவார்கள். அதைப் பற்றி என்ன சொல்ல.

இதை வைத்து, பிள்ளை கண்ணால் காணாத எதையும் போடக்கூடாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒட்டகம் இருக்கிறது. எங்கள் ஊர்ப் பக்கம் ஒட்டகம் ஏது? ஆனாலும் படத்தைப் பார்த்ததும் எல்லாரும் ஒட்டகம் என்றே சொல்கிறார்கள். டிவி புண்ணியம். அதனால் ஒ எழுத்துக்கு ஒட்டகத்தை யாரும் அசைக்க வேண்டியதில்லை. எங்கேயோ இருக்கும் ஒட்டகம் பொருந்துகிறது, வாசலில் நிற்கும் படகு பொருந்தவில்லை. அருகில் இருக்கிறதா, தூரத்தில் இருக்கிறதா என்பதா விஷயம்? பிள்ளையின் வாயில் என்ன பெயர் வருகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். அதைத் தெரிந்துகொள்ளப் பிள்ளையிடமே கேட்பதைத் தவிர வேறு வழி இல்லை.

கீழக்கரைக்கும் பெரியபட்டினத்துக்கும் வேலைக்குப் போனால் இன்னொன்று நடக்கும். அ, அம்மா என்று சேலை கட்டிய ஒரு பெண்ணை வரைந்தால் பிள்ளைகள் "உம்மா" என்கிறார்கள். அ எழுத்துக்குப் போட்ட படம் அங்கே உ எழுத்துக்குப் பொருந்துகிறது. ஒரு நர்சரிப் பள்ளியில் அதை மாற்றலாமா என்று கேட்டேன். சார்ட்டில் உள்ளபடி இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்கள். வேலை கொடுத்தவர் சொல், நானும் விட்டுவிட்டேன். ஆனால் அந்த ஊர்ப் பிள்ளை முதலில் பேசிய சொல்லிலேயே உ உட்கார்ந்திருக்கும்போது, அதை விட்டுவிட்டு உரலைத் தேடிப் போவது எனக்குப் புரியவில்லை.

மெய்யெழுத்துச் சுவருக்கு வந்தால் குழப்பம் இரட்டிப்பு. ஆங்கிலத்தில் 26 எழுத்து. எல்லாவற்றுக்கும் ஏதோ ஒரு சொல் முதலில் கிடைத்துவிடும். ஆப்பிள் முதல் வரிக்குதிரை வரை வரிசையாகப் போட்டுவிடலாம். அந்தப் பழக்கத்தை அப்படியே எடுத்துத் தமிழுக்கு மாட்டிவிட்டோம். உயிர் 12க்கும் அது சரியாகப் பொருந்துகிறது. மெய் 18க்குப் பொருந்தவே பொருந்தாது, ஏனென்றால் தமிழில் எந்தச் சொல்லும் புள்ளி வைத்த எழுத்தில் தொடங்காது. அதனால் ங் எழுத்துக்குச் சங்கு, ஞ் எழுத்துக்கு இஞ்சி, ட் எழுத்துக்குத் தட்டு என்று எழுத்தைச் சொல்லின் நடுவிலோ கடைசியிலோ ஒளித்துவைத்துப் படம் போடுகிறார்கள். பெரியவர்களுக்குப் புரியும். உயிரெழுத்துச் சுவரில் முதல் ஓசையைப் பிடித்துப் பழகிய பிள்ளைக்கு? சங்கைப் பார்த்து "ச" என்கிறது. அதுவரை அப்படித்தானே சொல்லிக் கொடுத்தோம். எங்கள் கரைப் பிள்ளைக்குச் சங்கு தெரியாமல் இல்லை, தெரிந்ததால்தான் அவ்வளவு வேகமாகச் ச என்று சொல்கிறது.

உயிர்மெய் 216லும் இதே சிக்கல்தான். ண, ழ, ள, ற, ன எல்லாம் சொல்லுக்கு முதலில் வராது. இலக்கணப்படி ட, ர, ல மூன்றும் வராது. ஆனால் தெருவில் டீக்கடை இருக்கிறது, ரயில் போகிறது, லாரியில் மீன் ஏறுகிறது, அதனால் அந்த மூன்றுக்கும் படம் கிடைத்துவிடுகிறது. மற்றவை நடுவில்தான் வரும். ஆகவே சுவரிலேயே அந்த எழுத்து எங்கே இருக்கிறது என்று காட்ட வேண்டும். நான் இப்போது சொந்தமாகச் செய்வது இதுதான்: சங்கு என்று எழுதும்போது ச, கு இரண்டும் கறுப்பு, ங் மட்டும் சிவப்பு. இதற்கு ஒரு பைசா கூடுதல் செலவில்லை, இன்னொரு பிரஷ் நனைக்க வேண்டும், அவ்வளவுதான். ஓர் அங்கன்வாடி டீச்சர் இதைப் பார்த்துவிட்டு, சங்கு என்று சொல்லும்போது சிவப்பு எழுத்து வருகிற இடத்தில் கை தட்டச் சொல்லிக் கொடுத்தார். சங், தட்டு, கு. பிள்ளைகளுக்கு அது விளையாட்டாகிவிட்டது.

மெய்யெழுத்தைச் சொல்லின் கடைசியில் வைத்தால் இன்னொரு தொல்லை. சார்ட்டில் கண், பல், தேள், தேர், மீன் என்று இருக்கும். பிள்ளைகள் பேசுவது கண்ணு, பல்லு, தேளு, தேரு, மீனு. கடைசியில் ஓர் உகரம் ஒட்டிக்கொண்டுவிடுகிறது, புள்ளி எழுத்தின் ஓசை தனியாக நிற்பதே இல்லை. அதனால் நடுவில் வரும் சொற்களையே எடுத்துக்கொள்ளலாம். உப்பு, நண்டு, கொக்கு, வத்தை. பேச்சிலும் எழுத்திலும் ஒரே மாதிரி இருக்கின்றன. பாம்பன் பாலத்தை வரைந்து ம் என்று எழுதலாமே என்று ஒருவர் யோசனை சொன்னார். 1914ல் திறந்த பழைய பாலமும் சரி, 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலமும் சரி, வரைய ஆசையாகத்தான் இருக்கிறது, அதுவும் நடுவில் அப்படியே மேலே தூக்கும் புதுப் பாலம். ஆனால் பிள்ளைகள் அதைப் பார்த்து ரயிலு என்று சொல்லும், இல்லையென்றால் பாலம் என்று சொல்லும். பாம்பன் என்று ஊர்ப் பெயரையா சொல்லப் போகிறது? சாதாரணப் பாம்பே போதும். ழ் எழுத்துக்கு யாழ் போடுகிறார்கள், "கிட்டாரு" என்று பதில் வருகிறது. அதற்கும் எனக்கு வழி தெரியவில்லை. நாங்களே வாளப்பளம் என்றுதான் பேசுகிறோம்.

மீனைப் பற்றி மட்டும் தனியாகச் சொல்லியாக வேண்டும். ன் எழுத்துக்கு மீன். சார்ட்டில் இருப்பது கண் இமையும் சிவந்த உதடும் வைத்துச் சிரிக்கும் ஒரு மீன், ஆரஞ்சு நிறம். நான் கடற்கரையில் பிறந்தவன், அப்படி ஒன்றை வரையக் கை கூசியது. இருந்தாலும் வரைந்தேன். பின்னால் இருந்த ஒரு பெண் பிள்ளை, நாலு வயது இருக்கும், எழுந்து சுவர் பக்கத்தில் வந்தாள். "மாமா, இது என்ன மீன்?" என்றாள். மீன் என்றேன். "அதான், என்ன மீன்?" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் இன்னொருவன் "பாறை" என்றான். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. "பாறைக்கு வாலு இப்படி இருக்காது" என்று விரலை விரித்துக் கவட்டை போலக் காட்டினாள். அடுத்து விளமீனா சூடையா என்று பேச்சு போனது. கடைசியில் அவளே தீர்ப்புச் சொன்னாள்: "இது மீனே இல்ல." அவள் அம்மா பாசி எடுக்கத் தீவுப் பக்கம் போகிறவர், பாட்டி மீன் விற்கிறவர் என்று ஆயா பிறகு சொன்னார். அந்த வீட்டில் மீன் என்று பொதுவாக ஒரு சாமான் கிடையாது. சீலா உண்டு, காரல் உண்டு, கணவாய் உண்டு.

இந்த அறிவை வைத்துக்கொண்டு வருகிற பிள்ளையை முதல் நாளே ஒன்றும் தெரியாதவள் ஆக்கும் சுவரை நாம் எழுதிவைக்கிறோம். டீச்சர் அனுமதித்ததால் அந்த ஆரஞ்சு மீனின் மேலேயே சீலா ஒன்றை வரைந்து, ன் எழுத்தை விட்டுவிட்டு 'சீ' என்று எழுதிக் கொடுத்தேன். ன் எழுத்துக்கு அப்புறம் இடம் பார்த்துக்கொள்ளலாம்.

எழுத்தின் உருவத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை. இப்போது கம்ப்யூட்டரில் விதவிதமான எழுத்து வருகிறது. நிழல் வைத்தது, கால் முளைத்தது, பலூன் போல் ஊதியது. கடைப் பலகைக்கு அது சரி. பிள்ளை பார்த்து எழுதப் போகும் எழுத்தில் சுழி தெளிவாக இருக்க வேண்டும். ண மூன்று சுழி, ன இரண்டு சுழி என்று வாயால் சொல்லிவிட்டுச் சுவரில் அதை எண்ண முடியாமல் போட்டால் என்ன அர்த்தம்? நான் படிக்கும் காலத்தில் லை, ணை, னை எல்லாம் யானைத் தும்பிக்கையோடு இருந்தன. 1978ல் அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்த பிறகு தும்பிக்கை போயிற்று. பழைய பலகை எங்காவது கண்ணில் பட்டால் நின்று பார்ப்பேன். அந்தத் தும்பிக்கையை ஒரே இழுப்பில் இழுக்கத் தனிக் கை வேண்டும். சரி, அது பெயிண்டர் கவலை.

அடுத்தது உயரம். இதைச் சொன்னால் யாரும் காதில் வாங்குவதில்லை. மூன்று வயதுப் பிள்ளையின் கண் எங்கே இருக்கிறது? என் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே. சுவரில் அ ஆ இருப்பது என் தலைக்கு மேலே. ஆய்வுக்கு வருகிறவர் நின்றால் அவர் கண்ணுக்கு நேராகவும், போட்டோவில் நன்றாகவும் தெரிய வேண்டும் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் நியாயமானது. கடலோரக் கட்டடத்தில் கீழ்ச்சுவர் நிற்காது. தரையிலிருந்து உப்பு ஏறி, காரை பொரிந்து, எனாமல் தோல் உரிவது போல் உரியும். அதனால் கீழே விட்டுவிட்டு மேலே போடச் சொல்கிறார்கள். அதற்குச் சுவரிலேயே போட வேண்டும் என்று கட்டாயமா? படகுக்குப் போடும் பலகைத் துண்டில் பிரைமர் அடித்து, படமும் எழுத்தும் எழுதி, பிள்ளை உயரத்தில் ஆணியில் மாட்டலாம். உரிந்தால் கழற்றி மறுபடி எழுதலாம், பிள்ளை கையில் எடுத்துப் பார்க்கலாம், தலைகீழாக மாட்டலாம், ஊருக்கு ஏற்ற மாதிரி ஓடத்தை எடுத்துவிட்டு ஓலையை மாட்டலாம். பனை இருக்கும் ஊரில் ஓலை தெரியாத பிள்ளை இல்லை. கீழ்ச்சுவரில் கறுப்புப் பெயிண்டை அடித்து வெறுமனே விட்டால் பிள்ளைகள் சாக்பீஸால் கிறுக்கும். வருடா வருடம் அந்தக் கறுப்பை மட்டும் அடித்தால் போதும்.

எழுதிப் பழக மணலை விட்டுவிட்டோமே என்பதும் எனக்கு வருத்தம். கிளை நூலகத்தில் ஒரு புத்தகத்தில் படித்தது: ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் 1789ல் சென்னை எழும்பூரில் ராணுவத்தார் பிள்ளைகளுக்கான ஆதரவற்றோர் பள்ளியில் பொறுப்பேற்றார். நம் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்துத் தன் பள்ளியிலும் மணலைப் பரப்பி எழுத வைத்தார். பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கும் வழக்கத்தையும் அங்கே கொண்டுவந்தார். ஊருக்குத் திரும்பி 1797ல் அதைப் புத்தகமாகப் போட, இங்கிலாந்தில் அதற்கு மதராஸ் முறை என்றே பெயராகிவிட்டது. எங்கள் திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளை கப்பலேறிப் போய்விட்டார் என்று படித்தபோது சிரித்துக்கொண்டேன். எங்களுக்கு மணலுக்கா பஞ்சம்? கதவைத் திறந்தால் மணல். ஒரு தட்டில் சலித்த மணலைப் போட்டு, மாட்டிய பலகைக்கு அடியில் வைத்தால், படத்தைப் பார், பெயரைச் சொல், சிவப்பு எழுத்தை விரலால் போடு என்று முடிந்தது. எழுதித் தப்பானால் கையால் தடவிவிடலாம். மணல் கண்ணில் பட்டுவிடும், தரை அசிங்கமாகும் என்று சில இடத்தில் வேண்டாம் என்கிறார்கள். கடற்கரைப் பிள்ளைக்கு மணல் ஆகாது என்று சொல்லி யாரை ஏமாற்றுகிறார்கள்?

வத்தை, வள்ளம் என்று ஊருக்கு ஒரு பேச்சை எழுதிக் கொடுத்தால் பொதுத்தமிழ் எப்போது வரும் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஒன்றாம் வகுப்புக்குப் போனால் புத்தகம் இருக்கிறது. 2022லிருந்து எண்ணும் எழுத்தும் திட்டத்தில் முதல் மூன்று வகுப்புக்கும் படமும் பாட்டும் விளையாட்டுமாகத்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள். ஓடம் அங்கே வரட்டும், கப்பலும் வரட்டும். எழுத்து தெரிந்த பிள்ளை புதுச் சொல்லைத் தானே கூட்டிப் படித்துக்கொள்ளும். எழுத்தும் புதிது, சொல்லும் புதிது என்று இரண்டையும் ஒரே நாளில் தலையில் ஏற்றுவதைத்தான் வேண்டாம் என்கிறேன். அதோடு, இது கடற்கரைக்கு மட்டும் உள்ள விஷயமும் இல்லை. பரமக்குடிப் பக்கம் தறி ஓடும் வீட்டுப் பிள்ளைக்கு வேறு பெயர்கள் வாயில் இருக்கும், நீலகிரிப் பிள்ளைக்கு வேறு. ஒரே சார்ட்டை அச்சடித்து மாநிலம் முழுக்க மாட்டினால் எல்லா ஊரிலும் பாதிப் படம் வீண்.

அதிகாரிகளிடம் கேட்பது பெரிய செலவு எதுவும் இல்லை. பெயிண்டரை அழைப்பதற்கு முந்தின வாரம் டீச்சர் ஒரு வேலை செய்யட்டும். போட நினைக்கும் படங்களைப் பேப்பரில் கிறுக்கியாவது பிள்ளைகளிடம் காட்டி, என்ன சொல்கிறார்கள் என்று பக்கத்தில் குறித்துவைக்கட்டும். பாதிக்கு மேல் பிள்ளைகள் வேறு பெயர் சொன்னால் அந்தப் படத்தை மாற்றிவிடலாம். அந்தச் சீட்டை என் கையில் கொடுத்தால் நான் அதைப் பார்த்து எழுதுகிறேன், கடைச் சார்ட் வேண்டாம். ஏ எழுத்துக்கு மீன் ஏலம் போடச் சொன்னால் ஏலக்காரரையும் சுற்றி நிற்கும் கூட்டத்தையும் போட்டுத் தருகிறேன். ஏணியைவிட அது கொஞ்சம் அதிக நேரம் எடுக்கும், கூலி கூட்டிக் கேட்க மாட்டேன்.

தங்களிடமும் ஒன்று கேட்கலாமா? உங்கள் சிறுவர் பக்கத்தில் வாரம் ஓர் எழுத்தைப் போட்டு, இந்த எழுத்துக்கு உங்கள் ஊரில் என்ன படம் போடலாம் என்று அங்கன்வாடி டீச்சர்களையும் பெற்றோரையும் எழுதச் சொல்லுங்கள். வருவதை அப்படியே வெளியிடுங்கள். ஏப்ரல் 15க்கு முன்னால் 12 உயிரெழுத்தாவது முடிந்தால், அடுத்த சீசனுக்கு நானும் என்னைப் போன்றவர்களும் அந்தப் பக்கங்களை வெட்டிவைத்துக்கொண்டு வேலைக்குப் போவோம்.

என் பெயரைப் போட வேண்டாம். வேலை கொடுக்கிறவர்கள் எல்லாரும் பத்திரிகை படிக்கிறார்கள்.

இப்படிக்கு,
படகுக்குப் பெயர் எழுதும் பெயிண்டர்,
மண்டபம், இராமநாதபுரம் மாவட்டம்.